வெள்ளோட்டம்

புதுத் தேர் ஒன்று செய்து முடிந்ததும், திருவிழாவுக்கு முன்னரே நல்ல நாள் பார்த்து அதனை வீதியில் இழுத்துப் பார்ப்பது நம்மூர்க் கோயில்களின் வழக்கம். அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். புதிதாகக் கடலில் இறக்கிய தோணியின் முதற் பயணத்தையும் அச்சொல்லாலேயே குறிப்பர். தேரின் வெள்ளோட்டத்தில் ஒரு சிறப்பு உண்டு. ஊரே பார்த்து நிற்கும். செய்த ஆசாரியாரும் நிற்பார். பொருள் கொடுத்தவரும் நிற்பார். அச்சு எங்கே முனகுகின்றது, சில்லு எப்பக்கம் இழுக்கின்றது என்பதை இருவரும் ஒரே வேளையிற் காண்பர். தேர் செல்லும் வழியும் எல்லார்க்கும் தெரிந்த வழியே.

மோட்டார் வண்டியின் வெள்ளோட்டம் அத்தகையதன்று. காலையில் கம்பனிக் கராஜில் வண்டியை விட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு நாம் பேருந்தேறிவிடுகின்றோம். மாலையில் கழுவித் துடைத்த வண்டியொன்று நமக்காகக் காத்து நிற்கின்றது. இடையில் எவர் அதனை ஓட்டினார், எவ்வீதி வழியாக, எவ்வேகத்தில் என்பனவெல்லாம் நாம் காணாதவை. இருக்கை பின்னே தள்ளப்பட்டிருக்கும். வானொலி வேறு அலைவரிசையிற் பாடும். இவ்வளவே நமக்குக் கிடைக்கும் சான்று.

ஓட்டிப் பார்க்காமலே திருப்பித் தந்தால் என்ன என்று சிலர் கேட்பர். அது தகாது. பிறேக்கை எடுத்துக்கொள்வோம். சில்லோடு சுழலும் வட்டத்தட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பாட் என்னும் உராய்வுக் கட்டைகள் தேய்ந்தால் புதியன இடவேண்டும். புதியவை தடித்தவை. அவற்றை உள்ளே செலுத்துவதற்காக அழுத்துத்தண்டைப் பின்னே தள்ளுவர். தள்ளியபின் முதன்முறை மிதிக்கும்போது மிதி தளம் வரை இறங்கிவிடும். பலமுறை மிதித்து இறுக்கிய பின்னரே வண்டியை அசைக்கலாம். அதன் பிறகும் புதிய கட்டை வட்டத்தட்டோடு முழுதாகப் படிவதற்கு, மிதமான வேகத்திற் சென்று மெல்ல மெல்ல நிறுத்திப் பழக்கவேண்டும். இவ்வேலையைச் செய்யாமல் வண்டியை உடையவரிடம் தருபவன், அவ்வாபத்தை அவர் வீட்டுச் சந்தியில் அவரே கண்டுபிடிக்கட்டும் என்று விடுகின்றான்.

சில்லுத் தாங்கி தேய்ந்தால் எழும் முனகலோ, நிற்கும் வண்டியிற் கேட்பதேயில்லை. வளைவிலே பாரம் ஒரு புறம் சாயும்போது அந்த ஒலி கூடுகின்றதா குறைகின்றதா என்பதைக் கொண்டே எப்பக்கத்துத் தாங்கி பழுது என்று தேர்ந்தவர் சொல்லுவர். சில அதிர்வுகள் எண்பது கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டிய பின்னரே தோன்றும். கொழும்பு நகருக்குள் அவ்வேகத்தை எங்கே தேடுவது? ஆகவே நல்ல திருத்துநன் ஓட்டியே ஆகவேண்டும். அவன் ஓட்டுவதை நான் குறை கூறவில்லை. எவ்வளவு தூரம் என்பதே கேள்வி.

இக்கேள்வி எனக்குப் பெருங்கேள்வியானது 2022ஆம் ஆண்டில். நாட்டில் அந்நியச் செலாவணி வற்றி, பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற ஆண்டு அது. கியூ.ஆர். குறியீட்டு முறை ஆகஸ்டில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது, கார் ஒன்றுக்கு வாரத்துக்கு இருபது லீற்றர் என்று வரையறுத்தார்கள். என் தமக்கையார் வாரத்தில் இரு நாள் சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வைத்தியசாலை செல்லவேண்டியிருந்தது. வீட்டிலிருந்து போய் வர இருபத்திரண்டு கிலோமீற்றர். அந்நாள்களில் முச்சக்கர வண்டிக்காரரைக் கேட்டால், அவரும் வரிசையிலேதான் நின்றார். எனவே வீட்டில் ஒரு கொப்பியில் ஒவ்வொரு ஓட்டத்தையும் எழுதி வைக்கும் பழக்கம் ஏற்பட்டது. பலசரக்குக் கணக்கை விட அக்கணக்கு இறுக்கமாக இருந்தது.

அவ்வாண்டு செப்டெம்பரில் பிறேக் கிறீச்சிட்டது. வண்டியை இறக்குமதி செய்து விற்ற முகவர் கம்பனியின் கராஜிலேயே விட்டேன். மாலையில் எடுத்துவந்து கொப்பியில் எழுதும்போது, மீற்றர் நாற்பத்தாறு கிலோமீற்றர் கூடுதலாகக் காட்டியது. நகர ஓட்டத்தில் அது ஏறத்தாழ நான்கரை லீற்றர். தமக்கையாரின் ஒரு வாரத்து வைத்தியசாலைப் பயணங்கள் இரண்டும் அந்த நாற்பத்தாறில் அடங்கும்.

மறுநாட் காலை தொலைபேசியில் விசாரித்தேன். முன்மேசையிலிருந்த இளைஞர், "அது ரெஸ்ட் டிறைவ் சேர்" என்றார். எவ்வழியே என்று கேட்டேன். அதற்கும் அதே விடை. வேலைச் சீட்டில் வண்டி உள்ளே வந்தபோதிருந்த மீற்றர் அளவு எழுதப்பட்டிருந்தது. வெளியே போகும்போதிருந்த அளவுக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தது. பிறேக் நன்றாகவே பிடித்தது என்பதையும் சொல்லவேண்டும். வண்டியில் ஒரு கீறலும் இல்லை. இழந்தது ஏதோ அது திருட்டு என்று சொல்லவும் நா எழவில்லை. இழக்கவில்லை என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை.

இந்தத் தயக்கம் பழைமையானது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த வலேரியுஸ் மக்சிமுஸ் என்னும் உரோம எழுத்தாளர் ஒரு வழக்கைக் குறித்து வைத்திருக்கின்றார். ஒருவன் அரீசியா என்னும் ஊருக்குப் போய்வரக் குதிரையொன்றை இரவலாகப் பெற்றான். அரீசியா உரோமாபுரியிலிருந்து அப்பியா நெடுஞ்சாலையிற் பதினாறு உரோம மைல் தொலைவிலுள்ளது. அவன் அவ்வூரைத் தாண்டி, அப்பாலிருந்த மேட்டுக்கும் குதிரையைச் செலுத்திவிட்டான். திருடன் என்று தீர்த்தார்கள்! குதிரையை அவன் விற்கவுமில்லை, கொல்லவுமில்லை. இசைவு அரீசியாவோடு முடிந்துவிட்டது என்பதே அத்தீர்ப்பின் கருத்து.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் சட்ட ஆசிரியர் கையுஸும் இதனையே நெறியாக வகுத்தார். விருந்துக்கென்று வெள்ளிப் பாத்திரம் இரவல் வாங்கி வெளியூருக்குக் கொண்டுசெல்பவனும், சவாரிக்கென்று வாங்கிய குதிரையைத் தொலைதூரம் கொண்டுசெல்பவனும் அவர் கணக்கிற் களவு செய்தவரே. அவருடைய நூல் வெகுகாலம் மறைந்து கிடந்து, 1816இல் வெரோனா நகரில், புனித ஜெரோமின் கடிதங்கள் மேலே எழுதப்பட்ட பழைய தோலேடுகளின் அடியில் அகப்பட்டது தனிக் கதை. கி.பி. 533இல் யுஸ்தீனியன் பேரரசன் வெளியிட்ட சட்டத் தொகுப்பிலோ நம் கராஜுக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் உண்டு: வெளுக்கவும் தைக்கவும் வாங்கிய ஆடையைத் தாமே பயன்படுத்திக்கொள்ளும் வெளுப்போனும் தையற்காரனும். வேலைக்காக ஒப்படைத்த பொருளை வேலைக்குப் புறம்பாகப் பயன்கொள்ளல் என்ற இடத்தில் அவர்களும் நாற்பத்தாறு கிலோமீற்றர் ஓடியவரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர்.

ஆயினும் கையுஸ் நியாயவான். உடையவன் இதற்கு இசையமாட்டான் என்று அறிந்து செய்தாலன்றிக் களவாகாது. இசைவான் என்று உண்மையாகவே நம்பிச் செய்தவன் குற்றவாளியல்லன் என்கின்றார். கம்பனித் தொழிலாளி அப்படி நம்பியிருக்கக்கூடும். 'ரெஸ்ட் டிறைவ்' என்ற இரு சொற்களுக்கு எல்லை எது என்று அவனுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலும். ஆகவே என் மனக்குறை அந்தப் பையன் மீதன்று; வெறுமையாக விடப்பட்ட அந்தக் கட்டத்தின் மீதே.

இங்கிலாந்தில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லாதவரைக் களவு என்று பிடிக்க இயலாதிருந்தது. அதனால் பிறர் மோட்டாரை இசைவின்றி ஓட்டுவதை 1930இல் தனிக் குற்றமாக்கினார்கள். மனைவியை விக்ரோறியா புகையிரத நிலையத்தில் விட்டுவிட்டு உடனே திருப்பித் தருவதாகச் சொல்லிக் கார் வாங்கிய ஒருவர், அப்படித் தராமல் மேலும் ஓட்டிய வழக்கு 1970இல் மேன்முறையீட்டு மன்றுக்கு வந்தது. இசைவு நிலையத்தோடு தீர்ந்தது என்றே முடிவாயிற்று. அரீசியாக் குதிரை லண்டனுக்கு வர ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பிடித்தது. நம் நாட்டிற் குற்றங்களுக்கு 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை இருக்கின்றது. பொதுச் சட்டமாகவோ ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோம-டச்சுச் சட்டமே நிற்கின்றது. கராஜிலே கைதேர்ந்த தொழிலாளியைப் 'பாஸ்' என்று அழைக்கின்றோமே, அதுவும் ஒல்லாந்தர் சொல்லே. சட்டத்தையும் பாஸையும் ஒரே கப்பலில் இறக்கியிருக்கின்றார்கள்!

அமெரிக்கர் இதற்கு இயந்திரத்தாலேயே மருந்து தேடினர். 1986இல் வெளிவந்த 'பெரிஸ் பியூலர்ஸ் டே ஓவ்' என்ற படத்தில், நிறுத்தகப் பணியாளர் இருவர் பெறுமதி மிக்க பெராரி வண்டியை எடுத்துக்கொண்டு சிக்காகோவிற் பறப்பதைக் கண்டு அரங்கமே சிரித்தது. மீற்றரைப் பின்னோக்கி ஓடச்செய்ய இளைஞர்கள் முயன்று தோற்பதும் அதில் வரும். 2015ஆம் ஆண்டுக்கான செவ்ரொலே கோர்வெற் வண்டியிலோ, உடையவர் இல்லாதபோது ஓட்டுபவரின் வேகத்தையும் வழியையும் பேச்சையும் பதிவுசெய்யும் ஏற்பாட்டை வைத்தார்கள். பின்னர், அறிவிக்காமல் ஒருவர் பேச்சைப் பதிவது சில மாநிலங்களிற் சட்டவிரோதமாகலாம் என்று அக்கம்பனியே எச்சரிக்க நேர்ந்தது. திருடனைப் பிடிக்க வைத்த பொறி உடையவனைப் பிடித்த கதை. இப்பொழுது இங்கும் பலர் முன்கண்ணாடியில் கமெராவைப் பொருத்திக்கொள்கின்றனர். விபத்துக்கு அது நல்ல சாட்சி. ஆனால் ஒரு நாள் முழுதும் எண்ணெயில் நிற்கும் மனிதன் முணுமுணுக்கும் பாட்டையும் வீட்டுக்கவலையையும் மாலையில் இருந்து கேட்கும் வேலை எனக்கு வேண்டியதில்லை.

அடுத்த முறை, நவம்பரில், பின்சில்லுப் பிறேக் வேலை வந்தபோது தெகிவளையில் ஒரு சிறு கராஜுக்குப் போனேன். தகரக் கூரை, இரண்டே வண்டிக்கு இடம். பாஸுக்கு அறுபது வயதிருக்கும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திற் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்களுள் அவரும் ஒருவர். சில துளி பெற்றோலால் இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தை அது. பிற்பகல் மூன்று மணியளவில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது.

"ஐயா, வேலை முடிஞ்சுது. இனி ஓடிப் பார்க்கவேணும். கல்கிசைக்குப் போய்த் திரும்பினால் எட்டுக் கிலோமீற்றர் வரும். உங்கட கோட்டாவில பெற்றோல் இருக்கோ? இல்லையெண்டால் நீங்கள் வாங்கோ, இரண்டு பேருமாய் வீட்டுப்பக்கம் ஓடிப் பார்ப்பம். உங்களுக்கும் போற வழிதானே."

நான் போனேன். அவர் ஓட்டினார்; நான் பக்கத்தில் இருந்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, சுவரோரமாக வண்டியைச் செலுத்தி, அதில் மோதித் திரும்பும் ஒலியைக் கேட்டுக்கொண்டே வந்தார். இடப்பக்கத்தில் மெல்லிய உராய்வு ஒன்று கேட்டது. எனக்குக் கேட்கவில்லை, அவருக்குக் கேட்டது. வீதியோரத்தில் நிறுத்திச் சில்லைக் கழற்றி, வளைந்திருந்த காப்புத் தகட்டைத் திருகுக்குறட்டால் நிமிர்த்தினார். வீட்டு வாசலில் இறங்கியதும் துண்டுக் கடதாசியில் மீற்றர் அளவை எழுதி, கணக்குச் சீட்டோடு சேர்த்து என் கையிற் கொடுத்துவிட்டு, பேருந்துக்கு நடந்தார். கொண்டுபோய் விடுகின்றேன் என்றதற்கு, பெற்றோலை அக்காவுக்கு வைத்திருங்கள் என்றார்.