வகுப்புக்கு வெளியே நின்றவர், பெய்ஜிங்குக்குத் தூதரானார்

பனவடலிசத்திரம் பக்கம் விடிவதற்கு முன்பே சாலையோரமாக ஓடும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். காவலர் தேர்வுக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் உடம்பைத் தயார் செய்யும் நம் பிள்ளைகள். அவர்களில் ஒரு தம்பி அண்மையில் என்னிடம் கேட்டான்: "நாட்டைப் பாதுகாக்குற வேலைன்னா மிலிட்டரி, போலீஸ்தானே அண்ணே? வேற என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. எல்லையில் நிற்கும் சிப்பாயை நாம் பார்க்கிறோம். எந்த நாட்டோடு பேசலாம், எப்போது பேசலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று கோப்பில் எழுதும் அதிகாரியை நாம் பார்ப்பதில்லை. 1998-இல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் என்ற பதவி உருவாக்கப்பட்டது. பிரஜேஷ் மிஸ்ரா, ஜே.என். தீட்சித், எம்.கே. நாராயணன், சிவசங்கர் மேனன், அஜித் தோவல் ஆகிய 5 பேரும் இந்திய வெளியுறவுப் பணி அல்லது இந்தியக் காவல் பணியில் இருந்து வந்தவர்கள். ராணுவத்தில் இருந்து வந்தவர் ஒருவரும் இல்லை. பாதுகாப்பு குறித்த முடிவுகள் பெரும்பாலும் மேசையில் எடுக்கப்படுகின்றன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அப்படிப்பட்ட ஒரு மேசையில், அந்தப் பதவியெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, பட்டியல் சாதிக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் உட்கார்ந்தார். அவர் கே.ஆர். நாராயணன். குடியரசுத் தலைவராக அவரை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய 29 ஆண்டு அதிகாரி வாழ்க்கையைத்தான் நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேரளத்தின் உழவூரில், ஓலைக்குடிசையில், நாட்டு வைத்தியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பள்ளியில் சேர்க்கப் போன உறவினருக்குப் பிறந்த தேதி தெரியாது. மனதுக்கு வந்த 27.10.1920 என்பதைச் சொல்லி எழுதவைத்தார். நம் வீட்டுப் பெரியவர்கள் பலரின் பிறந்தநாளும் இப்படி வாத்தியார் எழுதியதுதானே! நாள்தோறும் பல கிலோமீட்டர் நடந்து படித்தார். கட்டணம் கட்ட முடியாத நாட்களில் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டார். புத்தகம் வாங்க வழியில்லாததால், அவருடைய அண்ணன் மற்ற மாணவர்களிடம் இரவல் வாங்கி, கையால் எழுதிக் கொடுத்தார்.

1943-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பில் தேறினார். ஆனாலும் விரிவுரையாளர் பணி கிடைக்கவில்லை. எழுத்தர் வேலைக்கு வேண்டுமானால் வரலாம் என்றார்கள். அவர் அதை ஏற்கவில்லை. பட்டமளிப்பு விழாவில் பட்டம் வாங்கவும் மறுத்துவிட்டார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்துள்ளனர். படித்தும் வாசலிலேயே நிறுத்தப்படுவது எப்படி இருக்கும் என்பது அவருக்கு இரண்டாவது முறையாகத் தெரிந்தது.

அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. பத்திரிகையாளராக வேலை பார்த்தார். ஜே.ஆர்.டி. டாடாவின் உதவித்தொகையில் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போய், ஹெரால்டு லாஸ்கியிடம் அரசியல் படித்தார். ஊர் திரும்பியபோது லாஸ்கி நேருவுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். 1949-இல் நாராயணன் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார்.

ரங்கூன், டோக்கியோ, லண்டன், கான்பெரா, ஹனாய் எனப் பணியாற்றினார். தாய்லாந்திலும் துருக்கியிலும் தூதராக இருந்தார். 1976-இல் அவருக்குக் கிடைத்த பணிதான் மிகக் கடினமானது. 1961-இல் சீனாவில் இருந்து நம் தூதர் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டே போர். அதன்பின் 15 ஆண்டுகள் அந்த நாற்காலியில் தூதர் என்று யாரும் உட்காரவில்லை. பகை ஆறாத அந்தத் தலைநகருக்கு மீண்டும் தூதரை அனுப்ப முடிவெடுத்தபோது, இந்திய அரசு தேர்ந்தெடுத்தது உழவூர்க் குடிசையில் இருந்து வந்தவரை. சொந்த ஊர்க் கல்லூரியில் பாடம் நடத்த இடம் கிடைக்காதவர், நாட்டின் சார்பில் பெய்ஜிங்கில் பேசினார். 1978-இல் ஓய்வு பெற்ற பின்னரும் அரசு அவரை விடவில்லை. 1980 முதல் 1984 வரை அமெரிக்காவில் தூதராக இருந்தார்.

1997-இல் குடியரசுத் தலைவரானதும் முப்படைகளின் தலைமையும் சட்டப்படி அவரிடம் வந்தது. 1999 கார்கில் போரின்போது மக்களவை கலைக்கப்பட்டிருந்தது. மாநிலங்களவையைக் கூட்டி விவாதிக்கலாம் என்று அரசுக்கு யோசனை சொன்னார். அரசு கூட்டவில்லை. ஆனால் போர்க்காலத்திலும் மக்கள் பிரதிநிதிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் கருதினார். 2000 மார்ச்சில் கிளின்டன் வந்தபோது, இந்தியத் துணைக்கண்டத்தை உலகிலேயே ஆபத்தான இடம் என்று வர்ணிப்பது அமைதியைக் கெடுப்பவர்களுக்கே ஊக்கம் தரும் என்று விருந்து மேடையிலேயே சொன்னார். அதே ஆண்டு சீனாவுக்கும் சென்றுவந்தார்.

உயரத்துக்குப் போனவர் வந்த வழியை மறக்கவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நியமனக் கோப்பு வந்தபோது, பட்டியல் சாதி, பழங்குடியினரில் தகுதியானவர்கள் இருக்கிறார்களே, அவர்களையும் கருதுங்கள் என்று குறிப்பு எழுதினார். தான் உள்ளே வந்ததும் கதவைச் சாத்திக்கொள்ளாதவர் அவர்.

இதை ஏன் இன்று, இங்கே எழுத வேண்டும்? 2022 செப்டம்பரில் நம் சங்கரன்கோவில் வட்டாரத்துப் பாஞ்சாகுளத்தில், கடைக்கு மிட்டாய் வாங்கப் போன நம் குழந்தைகளிடம் ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் கைது நடந்தது. சம்பந்தப்பட்டவர்கள் 6 மாதம் ஊருக்குள் நுழைய நீதிமன்றம் தடை விதித்தது. சட்டம் தன் வேலையைச் செய்தது. ஆனால் கடை வாசலில் நின்ற அந்தக் குழந்தைகளுக்கு, நாடு தங்களுடையது என்ற நம்பிக்கையை யார் தருவது? உள்ளூரில் தன் பிள்ளைக்கு மிட்டாய் கிடைக்காதவருக்கு, தேசப் பாதுகாப்பு என்ற சொல்லின் பொருள் என்ன? அதைக் கேட்கத் தெரிந்தவர்கள் அந்த மேசைகளில் உட்கார வேண்டும். அதற்காகத்தான்.

நாராயணனுக்கு ஒரு கடிதம் வழி திறந்தது. இன்று நமக்கு அந்தக் கடிதம் வேண்டாம், தேர்வு இருக்கிறது. குடிமைப் பணித் தேர்வில் பட்டியல் இனத்தவர் 37 வயது வரை எழுதலாம். அந்த வயதுக்குள் எத்தனை முறை எழுதலாம் என்ற வரம்பு கிடையாது. தேர்வுக் கட்டணம் இல்லை. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம். நேர்முகத்திலும் தமிழில் பேசலாம். சென்னையில் அரசின் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் நுழைவுத் தேர்வு வைத்து, தங்குமிடத்தோடு கட்டணமின்றிப் பயிற்சி தருகிறது.

இவையெல்லாம் காகிதத்தில் இருந்து என்ன பயன்? கல்லூரியில் முதலாம் ஆண்டு சேரும்போதே பிள்ளைக்குத் தெரிய வேண்டும். தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். ஊர்ப்புற நூலகம் மாலை நேரத்தில் திறந்திருக்க வேண்டும். அங்கே அன்றைய நாளிதழ் இருக்க வேண்டும். இதைக் கிராம சபையில் எழுந்து கேட்க நமக்கு உரிமை உண்டு.

அந்தத் தம்பியிடம் ஓடாதே என்று நான் சொல்லவில்லை. சீருடையும் மரியாதையான வேலைதான். ஓடி முடித்து வந்ததும் ஒரு மணி நேரம் உலக வரைபடத்தை விரித்து வை என்றேன். "சீனா எல்லை எங்க இருக்குன்னு பார்க்கணும்ணே" என்றான். அங்கிருந்தே தொடங்கட்டும்.