பூக்கணக்கு நோட்டும் டேட்டாபேஸும்



டேட்டாபேஸ் என்றதும் நம்மில் பலருக்கு ஒரு பயம் வந்துவிடுகிறது. ரெக்கார்ட், அட்ரிபியூட், பிரைமரி கீ என்று வாயில் நுழையாத பெயர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். சந்தேகம் கேட்க வீட்டில் யாரும் கிடையாது. ஆனால் ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது சட்டென்று உறைத்தது. ஐந்தாம் வகுப்பிலிருந்தே நான் எழுதிக்கொண்டு வருவதும் இதைத்தானே!

எங்கம்மா ஸ்ரீரங்கம் வீதிகளில் வீடு வீடாக வாடிக்கைப் பூ கொடுக்கிறவர். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ராத்திரி அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதுவது என் வேலை. தேதி, பெயர், வீதி, எத்தனை முழம், எவ்வளவு பணம் என்று ஐந்து கட்டம்.

வரியும் கட்டமும்

அந்த நோட்டில் ஒவ்வொரு வரியும் ஒரு ரெக்கார்ட். மேலிருந்து கீழே ஓடும் ஒவ்வொரு கட்டமும் ஓர் அட்ரிபியூட், அதாவது பண்பு. வரிகள் எத்தனை கூடினாலும் கட்டங்கள் அதேதான். எந்தக் கட்டத்தில் என்ன வகைத் தகவல் வரலாம் என்பதற்கும் விதி உண்டு. முழம் என்ற கட்டத்தில் எண்தான் வர வேண்டும். "கொஞ்சம்" என்று எழுதி வைத்தால் மாசக் கடைசியில் எதைக் கூட்டுவது? இப்படித் தகவலை அட்டவணைகளாகப் பிரித்து வைக்கும் முறையை, ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் என்பவர் 1970-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். இன்றும் வங்கி, ரயில் முன்பதிவு என்று பல இடங்களில் இந்த முறைதான் ஓடுகிறது.

வெற்றிடம் வேறு, பூஜ்யம் வேறு

ஒருநாள் ஒரு வீட்டுக் கணக்கில் முழம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அம்மா கேட்டார்: "ஏண்டி, அன்னிக்கு அவங்க பூ வாங்கலையா, இல்ல நீ எழுதலையா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வாங்கவில்லை என்றால் 0 போட்டிருக்க வேண்டும். காலி என்றால் 'தெரியாது' என்றுதான் அர்த்தம். டேட்டாபேஸில் இதற்கு 'நல்' என்று பெயர். பாடத்தில் பின்னால் படித்ததை அம்மா அன்றைக்கே கேட்டுவிட்டார்!

எந்த ரங்கநாயகி?

தாயார் பெயர் ரங்கநாயகி என்பதால் எங்க ஊரில் அந்தப் பெயருக்குப் பஞ்சமில்லை. கீழச் சித்திரை வீதியிலேயே எங்களுக்கு இரண்டு ரங்கநாயகி மாமிகள். ஒருவர் கணக்கை இன்னொருவர் பேரில் எழுதி, அம்மா வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்புறம் 'மாடி வீட்டு ரங்கநாயகி மாமி' என்று சேர்த்து எழுதினோம்.

இந்தக் குழப்பம் ராஜாக்களுக்கும் உண்டு. நம் கோயில் மதில்களில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் இருக்கின்றன. தானம் சொல்லும் கல்வெட்டு ஒரு ரெக்கார்ட் மாதிரிதான். எந்த அரசர், ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு, கொடுத்தவர் யார், கொடுத்தது என்ன என்று வரிசையாக வரும். ஆனால் சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாறி மாறிச் சூட்டிக்கொண்டார்கள். முதலாம் பராந்தகனும் பரகேசரி, முதலாம் ராஜேந்திரனும் பரகேசரி. வெறும் 'கோப்பரகேசரி' என்று மட்டும் இருந்தால் யாரென்று ஆராய்ச்சியாளர்கள் எழுத்தின் வடிவத்தை வைத்தெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது. 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்று இருந்தால் அது மதுரையை வென்ற பராந்தகன். மாடி வீட்டு மாமி மாதிரிதான்!

ஆனால் மாமி நாளைக்கு வீடு மாறினால்? அதனால்தான் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தேவை. அது இன்னொருவருக்கு வரக்கூடாது, காலியாக இருக்கக்கூடாது, மாறாமலும் இருக்க வேண்டும். இதுவே பிரைமரி கீ. இப்போது நோட்டை இரண்டாகப் பிரித்துவிட்டேன். ஒன்றில் எண், பெயர், வீதி. இன்னொன்றில் எண், தேதி, முழம், பணம். மாமி உத்திர வீதிக்குப் போனால் முதல் நோட்டில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். இரண்டாவது நோட்டில் வந்து, முதல் நோட்டைக் காட்டும் அந்த எண்ணுக்கு ஃபாரின் கீ என்று பெயர்.

நான் மூன்று பேரான கதை

போன வருஷம் எனக்கு வர வேண்டிய உதவித்தொகை நாலு மாசம் வரவில்லை. அம்மாவும் நானும் ஓர் அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தோம். ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்கு அரை நாள் வியாபாரம் போச்சு. கடைசியில்தான் காரணம் தெரிந்தது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் என் பெயருக்கு முன்னால். பாங்க் புத்தகத்தில் பின்னால். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. மனுஷக் கண்ணுக்கு மூன்றும் ஒரே பெண். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கம்ப்யூட்டருக்கு மூன்று பேர்.

இதில் கம்ப்யூட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. 'முதல் பெயர், குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டம் போட்டவர் நம்மை நினைத்துப் பார்க்கவில்லை. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இனிஷியல் பெரும்பாலும் அப்பா பெயரின் முதலெழுத்து. அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று அந்தப் படிவம் சொல்லவில்லை. ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதினார்கள்.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் சிலர் இப்படிப்பட்ட கட்டங்களைப் போடும் வேலைக்குத்தான் போகப் போகிறோம். கோடு போடும் முன்னால், அந்தக் கட்டத்துக்குள் அடங்காதவர் யார் என்று ஒரு நிமிஷம் யோசிப்போம். அந்த ஒரு நிமிஷத்தில் எங்கேயோ ஓர் அம்மாவின் அரை நாள் கூலி மிச்சமாகும்.

— இரண்டாம் ஆண்டு மாணவி, கணிப்பொறிப் பிரிவு