கஜு எண்ணெயும் தோலின் ஞாபகமும்

மட்டக்களப்பு வாவிக்கு வடக்கே, வாகரை வரை நீளும் மணல்நிலத்தில் கஜு என்கிற மரமுந்திரிகை நன்றாகக் காய்க்கும். கஜுவைச் சுட்டு உடைத்த கைகளுக்கு அதன் ஓட்டில் ஊறும் எண்ணெயைத் தெரியும். பட்ட இடம் வெந்து தோல் உரியும். அந்தப் புண் யாருக்கும் வரும், ஆறியும் போகும். ஆனால் சிலருக்கு அதற்குள் வேறொன்று தொடங்கிவிடுகிறது.

எண்ணெயிலுள்ள கார்டோல் போன்ற மூலக்கூறுகள் மிகச் சிறியவை. தனியே இருக்கும்வரை நிர்ப்பீடனத் தொகுதி அவற்றைக் கவனிப்பதில்லை. தோலின் புரதத்தில் ஒட்டிய பின்னரே அந்நியமாகத் தெரிகின்றன. தோலில் காவலிருக்கும் கலங்கள் அவற்றை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய், டி கலங்கள் என்ற நிர்ப்பீடனக் கலங்களிடம் காட்டும். இப்படி அடையாளம் பழக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த முறை எண்ணெய் பட்டால் ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பும் கொப்புளமும் கிளம்பும். முந்தநாள் உடைத்த கஜுவை விட்டுவிட்டு, இன்று தின்ற இறாலைப் பழிப்பது இந்தத் தாமதத்தால்தான்.

கொப்புளம் சில வாரத்தில் ஆறும். அதைக் கிளப்பிய ஒவ்வாமை ஆறாது. பழகிய டி கலங்களில் ஒரு பங்கு ஞாபகக் கலங்களாக எஞ்சி, பல்லாண்டுகள், பலருக்கு ஆயுள் முழுவதும் தங்கும். இரத்தத்தோடு சுற்றுபவை ஒருபுறமிருக்க, சில கலங்கள் முன்பு அழற்சி வந்த தோலிலேயே குடியிருக்கும். எனக்கு இதில் பெரிய வியப்பு ஒன்று உண்டு. ஒவ்வாமைப் பரிசோதனைக்காக முதுகில் ஒரு பொருளை ஒட்டிப் பார்த்த இடம் முற்றாக ஆறிய பின்பும், அதே பொருள் உடம்பில் வேறெங்காவது பட்டால், முதுகின் அந்தப் பழைய இடம் மீண்டும் சிவக்கக்கூடும்.

இந்த ஞாபகம் உறவுமரங்களையும் விடாது. மாங்காய்த் தோலிலும் சேங்கொட்டையிலும் இதே சாயல் மூலக்கூறுகள் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவிலிருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, சலவைக்காரர் துணியில் சேங்கொட்டைச் சாற்றால் இட்ட குறி பட்ட இடத்தில் தோல் தடித்தது. அமெரிக்காவின் பாய்சன் ஐவி கொடியும் அதே குடும்பம்தான்.

தொடாமலே ஆண்டுகள் போனால் வீரியம் தணியலாம். சிலருக்குப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். ஆனால் எஞ்சிய கலங்கள் மறுபடி பெருக ஒரு தொடுகை போதும். எனவே மருத்துவர் சொல்வது, விலகியிரு என்பதே. கூலிக்குக் கஜு உடைக்கும் பெண்ணுக்கு அதன் பொருள் வேலையை விடு என்பது. தடித்த கையுறையை அவளுக்கு ஒவ்வாமை வந்த பிறகு கொடுத்தால் பிந்திவிடும். வேலைக்கு வரும் முதல் நாளே கொடுக்க வேண்டும்.