கொல்லருக்கு மறுக்கப்பட்ட ஏடு!

வகுப்பறையிலே அமரலாம், வாய் திறத்தலாகாது! விரிவுரையைக் கேட்கலாம், வினா எழுப்பலாகாது! நூல் நிலையம் உண்டு; அதிலிருந்து நூலொன்றை இரவல் பெறலாகாது!

1830களிலே, அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்து யேல் கல்லூரியிலே, ஜேம்ஸ் பென்னிங்டன் எனும் கறுப்பினத்தவருக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு இது. யார் இந்தப் பென்னிங்டன்? மேரிலாந்து மாநிலத்திலே அடிமையாகப் பிறந்தவர். கொல்லுப் பட்டறையிலே சம்மட்டி பிடித்தவர். 1827இல் தப்பியோடி வடபுலம் வந்து, எழுத்தறிந்து, ஏடறிந்து, மேலும் கற்க வேண்டுமென்ற வேட்கையோடு யேலின் வாயிலிலே நின்றவர். இரும்பை வளைக்கத் தெரிந்த அந்தக் கரங்களால், இனச் செருக்கை வளைக்க முடியவில்லை! மாணவர் பட்டியலிலே பெயரின்றி, பட்டமின்றி, அவர் வெளியேறினார்.

அதே யேல், 2023இல் அவருக்குப் பட்டம் வழங்கிற்று. அவர் மறைந்து 150 ஆண்டுகளுக்கும் மேலான பிறகு! கொடுத்தது பெருந்தன்மையா? இல்லை, தோழர்களே! கொடுக்க வைத்தது வரலாறு. அந்த வரலாற்றைத் தோண்டி எடுத்தவர்களிலே முன்னணியில் நின்றவர்கள் மாணவர்கள்.

2001ஆம் ஆண்டு. யேலுக்கு 300 வயது. விழாக் கோலம்! அடிமை ஒழிப்புக்கு எம் கல்லூரி ஆற்றிய தொண்டினைப் பாரீர் என்று மார்தட்டிற்று நிர்வாகம். முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர் மூவர், பழைய ஆவணங்களைப் புரட்டினர். ஓர் அறிக்கை வெளியிட்டனர். அடிமைகளை வைத்திருந்தவர்களின் பெயர்களைக் கட்டடங்களுக்குச் சூட்டியிருக்கிறீர்கள், அடிமை முறையால் வந்த செல்வத்தைக் கொண்டு வளர்ந்திருக்கிறீர்கள் என்று எடுத்துக் காட்டினர். விழாப் பந்தலிலே ஒரு சலசலப்பு! அது அடங்கவில்லை, வளர்ந்தது. 2020இல் பல்கலைக் கழகமே ஆய்வுக் குழு ஒன்றை அமைக்க வேண்டியதாயிற்று.

குழு கண்டதென்ன? நிறுவியவர்கள், தலைமை வகித்தவர்கள், அவர்தம் வட்டத்தார் ஆகியோர் அடிமைகளாக வைத்திருந்தவர்களில் 200 பேருக்கு மேல் அடையாளம் காணப்பட்டனர். வளாகத்திலே இன்றும் நிற்கும் மிகப் பழைய கட்டடம் கனெக்டிகட் ஹால். 18ஆம் நூற்றாண்டின் நடுவிலே எழுந்தது. அதற்குச் செங்கல்லும் மரமும் சுமந்தவர்களிலே அடிமைகளும் இருந்தனர் என்பதைச் சொல்வது எது தெரியுமா? கட்டுமானக் கணக்கு! நூல் நிலையத்திலே உறங்கிக் கிடந்த கணக்கேடு! மாளிகையின் நெற்றியிலே முதலாளியின் பெயர் பொறிக்கப்படும். உழைத்தவன் பெயர் கூலிக் கணக்கிலே ஒளிந்து கிடக்கும். உலகெங்கும் இதுதானே வழக்கம்!

இன்னொரு செய்தி, நெஞ்சைச் சுடுகிறது. 1831இல் கறுப்பின இளைஞர்களுக்கென்று நியூ ஹேவனிலே ஒரு கல்லூரி அமைக்கத் திட்டமிட்டனர் நல்லோர் சிலர். தொழிலும் கற்பிப்போம், கல்வியும் கற்பிப்போம் என்றனர். செப்டம்பர் 10ஆம் நாள் ஊர்க் கூட்டம் கூடிற்று. கல்லூரி வேண்டாம் என்றோர் ஏறத்தாழ 700 பேர். வேண்டும் என்றோர் 4 பேர்! எதிர்ப்பணியின் முன்வரிசையிலே, யேலிலே கற்றவர்களும் கற்பித்தவர்களும் இருந்தனர். கல்வியின் சுவை அறிந்தவர்களே, அடுத்தவன் இலையிலே மண்ணள்ளிப் போட்டனர்!

இவற்றையெல்லாம், 2024 பிப்ரவரியிலே, நியூ ஹேவன் அருங்காட்சியகத்திலே காட்சியாக வைத்தனர் யேல் நூல் நிலையத்தார். பூட்டிய பெட்டியிலே இருந்த ஆவணம், பொதுமக்கள் கண் முன் வந்தது. அதே மாதம் 16ஆம் நாள் யேல் பல்கலைக் கழகம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. ஆய்வு நூலை எவரும் விலையின்றிப் படிக்கலாம் என்றும் அறிவித்தது.

ஆராய்ச்சியாளர் மட்டுமா அசைத்தனர்? இல்லை. அடிமை முறை நல்லதே என்று வாதாடிய கால்ஹூனின் பெயர் தாங்கிய விடுதி ஒன்று யேலிலே இருந்தது. அதன் உணவுக் கூடத்துச் சன்னலின் வண்ணக் கண்ணாடியிலே, பருத்திக் கூடை சுமக்கும் அடிமைகளின் உருவம். அங்கே பணிபுரிந்த கறுப்பினத் தொழிலாளி ஒருவர், 2016இல் துடைப்பக் கட்டையால் அதை உடைத்தார். வழக்கு வந்தது, வேலை போயிற்று. மாணவரும் மக்களும் குரல் எழுப்பினர், வழக்கு கைவிடப்பட்டது, வேலை திரும்பிற்று. மறு ஆண்டு கால்ஹூனின் பெயரும் நீங்கிற்று. ஏடு புரட்டிய மாணவரும், துடைப்பம் பிடித்த தொழிலாளியும் சேர்ந்தே அந்தச் சுவரை அசைத்தனர் என்போம் நாம்.

சரி, யேல் என்பது யார் பெயர்? எலைகு யேல்! 1687 முதல் 1692 வரை, நமது சென்னையின் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலே கவர்னராக அமர்ந்தவன். 1718இல் அவன் அனுப்பிய ஒன்பது மூட்டைச் சரக்கையும் 417 நூல்களையும் பெற்றுக்கொண்டு, அவன் பெயரைச் சூடிக்கொண்டது அக்கல்லூரி. சரக்கு விற்ற பணம் 562 பவுன். 1968இல், தமிழக முதலமைச்சராக இருந்த நமது அண்ணா, சப் பெல்லோஷிப் எனும் சிறப்பைப் பெற்று விருந்தினராகச் சென்றது இந்த யேலுக்குத்தான்.

அந்தக் கோட்டையிலே நடந்தது என்ன? 2014இல், யேலிலே வரலாற்று ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவர் ஒருவர் எடுத்துச் சொன்னார். பஞ்சத்தால் மக்கள் வாடிய அந்நாளிலே, அடிமை வாணிபம் கொழுத்தது. கப்பல் ஒன்றுக்குக் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றிச் செல்ல வேண்டும் என்பது கோட்டையின் ஆணை. 1687இல் ஒரே மாதத்திலே கடல் கடத்தப்பட்டோர், குறைந்தது 665 பேர்!

அறுநூற்று அறுபத்தைந்து பேர்! அவர்கள் பெயர் என்ன? எந்த ஊர்? எந்தத் தாய் பெற்ற பிள்ளைகள்? கோட்டையின் ஆலோசனைக் குறிப்பேடுகளைச் சென்னை ஆவணக் காப்பகம் 100 ஆண்டுகளுக்கு முன்பே அச்சிட்டிருக்கிறது. எழும்பூரிலே இருக்கும் ஏட்டை எடுத்துப் பேச, நியூ ஹேவனிலிருந்து ஒரு மாணவர் வர வேண்டியிருந்தது!

மன்னிப்பு மட்டும் போதுமா என்று நியூ ஹேவன் மக்கள் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். 4,000 கோடி டாலருக்கு மேல் நிதி குவித்திருக்கும் நிறுவனம், நகரத்து மாணவர் சிலருக்குப் பென்னிங்டன் பெயரால் உதவித் தொகை தருகிறது. தொடக்கம் என்ற அளவிலே வரவேற்போம்; கணக்கு தீர்ந்துவிட்டது என்று எவரேனும் சொன்னால், மறுப்போம்.

நமக்கோ, கேட்கும் முன் படிக்க வேண்டிய பணி இருக்கிறது. கழகப் படிப்பகத்திலே நாளேடு படித்து வளர்ந்த கூட்டம் நாம். பகலெல்லாம் ஆலையிலே உழைத்துவிட்டு, மாலையிலே அரிக்கேன் விளக்கடியிலே அரசியல் கற்றவர்களின் வழி வந்தவர்கள் நாம். கல்லூரி சென்றுவிட்ட நம் பிள்ளைகளைப் பழைய ஏடுகளிருக்கும் இடத்துக்கு அனுப்புவோம். கோட்டைக் குறிப்பும், ஆலைக் கூலிக் கணக்கும், பண்ணை வரவு செலவும் புரட்டச் சொல்வோம். கண்டதைப் படிப்பகச் சுவரிலே எழுதி ஒட்டச் சொல்வோம்.

கொல்லருக்கு ஏட்டை மறுத்தவர்கள், அதன் ஆற்றலை அறிந்தே மறுத்தார்கள். நமக்கு மறுப்பார் எவருமில்லை. எடுத்துப் படிப்போம்!