வர மறுப்பவரை வைத்தியசாலையில் சேர்ப்பது: குடும்பம் எதுவரை?

இரவு பகலாகத் தூக்கமில்லை. சோற்றில் நஞ்சு கலந்திருக்கிறது என்று சாப்பிடுவதில்லை. கூப்பிட்டால், "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்கிறார். இந்நிலையில் திருகோணமலைப் பக்கத்துச் சீனன்குடாவிலும் சிலர் முதலில் நூல் கட்டப் போவார்கள். சிலர் அறையைப் பூட்டுவார்கள். இரண்டும் சிகிச்சையைத் தள்ளிப்போடும்.

சட்டம் தரும் இடம்

இலங்கையின் அடிப்படை மனநோய்ச் சட்டம் 1873இல் வந்தது, பின்னர் திருத்தப்பட்டது. விருப்பத்தைச் சொல்ல இயலாத நிலையில் உள்ளவரை, உறவினரின் எழுத்து விண்ணப்பத்தோடும் வைத்தியர்களின் பரிந்துரையோடும் தற்காலிகமாகச் சேர்க்கலாம். மாவட்ட நீதிமன்ற விசாரணை இன்னொரு வழி. குடும்பம் கேட்கலாம், தீர்மானிப்பது குடும்பமல்ல. காணித் தகராறுக்காகவோ பிடிக்காத காதலுக்காகவோ ஒருவரை 'விசர்' என்று சொல்லி அடைக்க முடியாது.

ஏர்வாடி தந்த பாடம்

அடைத்துவைப்பது எதில் முடியும் என்பதற்கு அயல்நாட்டு உதாரணம் ஒன்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று, தமிழ்நாட்டின் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகமொன்று தீப்பற்றியது. பலர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. தன் சார்பில் பேசுபவரை நோயாளியே நியமிக்கவும் வழிசெய்கிறது. அந்தப் பிரதிநிதி உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

வீட்டார் செய்ய வேண்டியவை

- எப்போதிருந்து தூக்கமில்லை, எந்தக் குளிசையை எப்போது நிறுத்தினார், சாவைப் பற்றிப் பேசினாரா, குடிக்கிறாரா என்பவற்றைத் திகதியோடு எழுதிவையுங்கள். வைத்தியர் சில நிமிடங்கள் பார்ப்பவரை நீங்கள் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறீர்கள்.
- கோயிலுக்கென்று பொய் சொல்லி ஏற்றாதீர்கள். அடுத்த முறை உங்கள் கையால் தரும் குளிசையையும் நம்பமாட்டார்.
- உயிராபத்து என்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஆலோசனைக்கு தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் உண்டு. சீனன்குடாவுக்கு அருகில் உள்ள பெரிய வைத்தியசாலை திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை.

வீடு திரும்பிய பிறகு

"என்னைப் பிடித்துக் கொடுத்தீர்கள்" என்று கோபப்படுவார். வாதாடாதீர்கள், ஏன் செய்தோம் என்று ஒருமுறை நேராகச் சொல்லுங்கள். கிளினிக் திகதி தவறாமல் கூடப் போங்கள்.

தெளிவாக இருக்கும்போது அவரிடமே கேளுங்கள்: வருத்தம் திரும்பினால் எந்த வைத்தியசாலை, எந்த மருந்து ஒத்துக்கொண்டது, யார் கூட வரவேண்டும்? பதிலை எழுதி கிளினிக் கொப்பியோடு வையுங்கள். அடுத்த முறை அவருக்காக நீங்கள் பேச நேர்ந்தால், அவர் சொன்னதையே பேசலாம்.