கார் ஊமையான கதை

பேசுகின்ற பொருளின் அருமை அது பேசாதொழிந்த பின்னரே புலனாகிறது. எங்கள் காரின் வானொலி ஊமையாகி ஏழு வாரம் கிடந்த கதையை இங்கே எழுதப் புகுகின்றேன். இலக்கியப் பகுதியிலே காருக்கும் கம்பிக்கும் என்ன வேலை என்று வாசகர்கள் வினவக்கூடும். 31 வருடம் பௌதிகவியல் கற்பித்த ஓர் ஆசிரியன், ஓய்வு பெற்ற பின்னர் அப்பாடத்தின் முதலாம் அத்தியாயத்தைத் திரும்பவும் படிக்க நேர்ந்த வரலாறு இது. ஆதலின் ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நீங்கள் பொறுத்தருள்வீர்கள் என்று நம்புகின்றேன்.

எங்கள் கார், ஜப்பானிலே சில வருடம் ஓடிக் களைத்தபின் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, பழைய கார் வைத்திருந்தோர் அனைவரும் அதனையே பேணிக் காக்க வேண்டியவராயினர். 2025இல் இறக்குமதிக்கு வழி திறந்த பின்னரும், ஓய்வூதியக்காரனுக்குப் புதிய கார் எட்டாக்கனியே. இக்காரிலேதான் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரை, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம், இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை என் மனைவியைக் கண் வைத்தியத்துக்கு அழைத்துச் செல்கின்றேன். அவளுக்குப் பார்வை படிப்படியாகக் குன்றி வருகின்றது. ஆனையிறவின் நீர்ப்பரப்பும் வன்னிக் காடும் அவளுக்கு இப்போது வெறும் ஒளியும் நிழலுமே. வழித்துணையாக அவளுக்கு எஞ்சியிருந்தது செவி ஒன்றுதான். காரிலே ஏறியதும் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் அடங்கிய இறுவட்டைப் போடச் சொல்வாள். மாங்குளம் தாண்டும் வரை வேறு பேச்சு இராது.

ஒருநாள் அவள் சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, நான் கதவைச் சாத்தேக்கை பாட்டு நிண்டு போகுது."

"கதவுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன். வானொலியை அணைத்து மீண்டும் போட்டேன்; பாடிற்று. இவ்வாறு பல மாதம் நடந்தது. அவள் மூன்று முறை சொன்னாள். நான் மூன்று முறையும் சிரித்தேன்.

பின்னர் ஒரு மாலை, வவுனியாவுக்கு இப்பால், ஒலி முற்றாக நின்றது. வானொலியின் முகத்திலே விளக்கு எரிந்தது. அலைவரிசை எண்கள் ஓடின. ஆனால் ஒரு முணுமுணுப்புத்தானும் இல்லை. வீடு வந்ததும் உருகிப் பெட்டியைத் திறந்தேன். நீல நிறமான 15 அம்பியர் உருகி ஒன்று எரிந்திருந்தது. என்னிடம் அந்த அளவிலே வேறு உருகி இருக்கவில்லை. பச்சை நிறமான 30 அம்பியர் உருகி ஒன்று இருந்தது. "சிறியது தாங்கவில்லை, பெரியது தாங்கும்" என்று எண்ணி அதனைச் செருகினேன். தாங்கத்தான் செய்தது. சில கணத்திலே ஆசனத்தின் அடியிலிருந்து எரிந்த மணம் எழுந்தது. ஓடிச் சென்று சாவியைத் திருப்பினேன். அந்த நாளோடு கார் ஊமையாயிற்று.

நகரத்திலே ஒரு கராஜிற்குக் கொண்டு சென்றேன். கருவியொன்றையும் தொடாமலே, "முழுச் செற்றையும் மாத்த வேணும்" என்றார்கள். கேட்ட விலை என் இரண்டு மாத ஓய்வூதியம். திரும்பி வந்துவிட்டேன். அடுத்த கொழும்புப் பயணத்தை மௌனமாகவே செய்தோம். அவள் யன்னற் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பார்ப்பதற்கு அவளுக்கு அங்கே ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்பயணத்தின் நீளம் இன்னும் என் மனத்தை விட்டு நீங்கவில்லை.

அதன் பிறகே என் பழைய மாணவன் ஒருவனுடைய நினைவு வந்தது. வாகன மின்வேலை செய்பவன். வகுப்பிலே கடைசி வாங்கு. அவனுடைய தேர்ச்சி அறிக்கையிலே "கவனம் போதாது" என்று தொடர்ந்து மூன்று தவணை எழுதியவன் நான். அந்தக் கூச்சத்தோடுதான் ஆளனுப்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். கையிலே ஒரு பல்மானியும் சிறிய கருவிப் பையும்.

வந்தவன் வண்டியைத் தொடவில்லை. முதலில் கேள்விகளையே கேட்டான். எல்லா ஒலிபெருக்கிகளும் ஒன்றாக நின்றனவா, ஒவ்வொன்றாகவா? நிற்பதற்கு முன் இரைச்சல் இருந்ததா? மழை நீர் உள்ளே புகுந்ததுண்டா? நான் விடை கூறினேன். பின்னர் உருகிப் பெட்டியைத் திறந்து பார்த்தான்.

"சேர், கோவிக்காதையுங்கோ. இந்தப் பச்சைப் பியூசை ஆர் போட்டது?"

வகுப்பிலே விடை தெரியாத மாணவன் நிற்பதுபோல நின்றேன்.

"றேடியோவுக்கு ஒண்டுமில்லை, சேர். சீற்றுக்குக் கீழை அம்ப் ஒண்டு இருக்கு. அதைத்தான் பாக்க வேணும்" என்றான். பாடநூலிலே நாம் விரியலாக்கி என்று எழுதுவதையே அவன் அவ்வாறு சொன்னான். ஒன்பது வருடம் அந்த ஆசனத்தின் அருகிலிருந்து கார் ஓட்டிய எனக்கு, அதன் அடியிலே அப்படி ஒரு பெட்டி இருந்தது தெரியாது.

அப்பெட்டி அங்கே வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1930இல் அமெரிக்காவிலே கல்வின் சகோதரர் 'மோட்டரோலா' என்ற பெயரிலே கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அக்காலத்து வெற்றிடக் குழாய்களுக்கு உயர்ந்த வோல்ற்றளவு வேண்டியிருந்தது. ஆகவே பற்றரியின் குறைந்த வோல்ற்றளவை உயர்த்துவதற்கென அதிர்வி ஒன்றும் உள்ளே இரைந்துகொண்டிருக்கும். 1955இல் பில்கோ நிறுவனமும் கிறைஸ்லர் நிறுவனமும் முற்றிலும் திரான்சிற்றரால் இயங்கும் கார் வானொலியை அறிமுகஞ் செய்தன. குழாய்கள் போயின. ஆனால் புதிய இடர்ப்பாடு ஒன்று வந்தது. காரிலே எஞ்சின் ஓடும்போது கிடைப்பது ஏறத்தாழ 14 வோல்ற்று. ஒலிபெருக்கியின் ஒரு முனையை வண்டியின் உடலோடு இணைத்து மறுமுனையை மாத்திரம் இயக்கினால், 4 ஓம் ஒலிபெருக்கிக்கு 6 உவாற்று அளவே செலுத்த முடியும். ஓடும் வண்டியின் இரைச்சலிலே அது போதாது.

இதற்குக் கண்ட வழி எளிது. ஒலிபெருக்கியின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்குவது. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். வோல்ற்றளவு இரட்டிக்கும், வலுவோ அதன் வர்க்கத்துக்கு விகிதசமமாதலால் நான்கு மடங்காகி 25 உவாற்றை அண்மிக்கும். இவ்வளவு வலுவை நான்கு, ஆறு ஒலிபெருக்கிகளுக்கு வழங்கும்போது பிறக்கும் வெப்பம் சிறிதன்று. அதனை வானொலியின் ஒடுங்கிய கூட்டினுள் அடக்குவது கடினம். ஆதலால் ஒலிநயம் நாடிய கார்களிலே விரியலாக்கியைத் தனிப் பெட்டியாக்கி, ஆசனத்தின் அடியிலோ பின்புறத்திலோ வைத்தனர். இவ்வேற்பாட்டிலே மறக்கக்கூடாத விதி ஒன்று உண்டு. ஒலிபெருக்கிக்குச் செல்லும் இரு கம்பிகளுள் எதுவும் வண்டியின் உலோக உடலைத் தொடுதல் ஆகாது. தொட்டால் அது குறுஞ்சுற்று. இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றேன்.

அவன் ஆசனத்தைக் கழற்றினான். விரியலாக்கியின் செருகிகளை விடுவித்தான். பச்சை உருகியை எடுத்து என் கையிலே தந்து, உரிய 15 அம்பியர் உருகியைப் போட்டான். பின்னர் அந்தச் செருகியிடம் நான்கு கேள்விகள் கேட்டான்; விடையை மானி கூறிற்று. உணவு வருகிறதா? 12.4 வோல்ற்று வந்தது. வண்டியின் உடலோடுள்ள இணைப்பு நல்லதா? தடை இல்லையென்றே சொல்லலாம். வானொலியைப் போட்டதும், "விழித்துக்கொள்" என்று விரியலாக்கிக்குக் கட்டளையிடும் மெல்லிய கம்பியிலே வோல்ற்றளவு தோன்றுகிறதா? தோன்றிற்று. வானொலியிலிருந்து இசைச் சைகை வருகிறதா? மானியை ஆடலோட்டத்துக்கு மாற்றினான். ஒலியே இல்லாத காரிலே, தெட்சணாமூர்த்தியின் தவிலுக்கேற்ப மில்லிவோல்ற்று எண்கள் துள்ளின. இருபது வருடம் கரும்பலகையிலே வரைந்த சைகையை அன்றுதான் நான் கண்ணாற் கண்டேன்.

உள்ளே செல்ல வேண்டிய யாவும் செல்கின்றன. வெளியே ஒன்றும் வரவில்லை. குற்றவாளி விரியலாக்கியே என்பது உறுதியாயிற்று. பெட்டியைத் திறந்தான். வெளியீட்டுச் சில்லு வெடித்திருந்தது. அதனைச் சுற்றிச் சுற்றுப்பலகை கரியாகியிருந்தது.

"சில்லு மட்டும் போயிருந்தால் மாத்தியிருக்கலாம். போட் எரிஞ்சு போச்சு" என்றான். பலகையை எரித்தது எது என்று அவன் சொல்லவில்லை. என் கையிலே அந்தப் பச்சை உருகி இருந்தது.

உருகி என்பது ஒலிக்கு உதவும் உறுப்பன்று. கம்பியையும் கருவியையும் காப்பதற்காகத் தன்னை மாய்த்துக்கொள்ளும் காவலாளி. அது இறந்தால், ஏன் இறந்தது என்று தேட வேண்டுமேயன்றி, இறக்க மாட்டாத காவலாளியை நியமித்தல் தகாது. இதை நான் எத்தனை வகுப்பிலே சொல்லியிருப்பேன்!

அவன் பெட்டியின் மேலிருந்த இலக்கத்தை எழுதித் தந்தான். கொழும்பிலே பஞ்சிகாவத்தையில், பிரித்த வாகனங்களின் உறுப்புகள் விற்கும் கடைகளிலே தேடச் சொன்னான். "பெட்டி ஒரே மாதிரி இருந்தாலும் நம்பர் வேறையெண்டால் வாங்காதையுங்கோ" என்று எச்சரித்தான். காரணம் உண்டு. ஒரே தோற்றமுள்ள பெட்டிகளிலே செருகியின் ஊசி ஒழுங்கு மாறியிருக்கும். சில 4 ஓமுக்கும் சில 2 ஓமுக்கும் அமைந்திருக்கும். புதிய கார்கள் சிலவற்றிலோ, வானொலியும் விரியலாக்கியும் எண்முறை வலைப்பின்னல் வழியே பேசுகின்றன. வேற்று வண்டியின் பெட்டியைச் செருகினால் ஏற்றுக்கொள்வதில்லை. எங்கள் கார் அந்த அளவுக்குப் புதியதன்று என்பது அன்றைக்கு நல்வாய்ப்பாயிற்று. அதே இலக்கமுள்ள பெட்டி நான்காவது கடையிலே கிடைத்தது.

மறு ஞாயிறு வந்தான். நான் பெட்டியை நீட்டினேன். வாங்கி ஓரமாக வைத்தான்.

"செத்தது அதுதான், சேர். ஆனால் ஏன் செத்தது எண்டு பாக்காமல் இதைப் பூட்டினால் இதுவும் சாகும்."

ஒவ்வொரு ஒலிபெருக்கியின் கம்பிச் சோடியையும் அளந்தான். 4 ஓம் என்று பொறித்த ஒலிபெருக்கிகள் 3.4 அளவிலே காட்டின. நேரோட்டத்துக்குரிய தடை பொறித்த எண்ணிலும் சற்றுக் குறைந்திருத்தல் இயல்பே. 1.5 வோல்ற்று மின்கலமொன்றைக் கம்பிச் சோடிகளிலே தொட்டுப் பார்த்தான். ஒவ்வொரு ஒலிபெருக்கியும் "தொப்" என்று விடை கூறிற்று. எல்லாம் நலமே. அதன் பின் கம்பிகளுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே அளந்தான். தொடர்பே இல்லை. எல்லாம் நலமே!

அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றான். விறாந்தையிலே அமர்ந்திருந்த என் மனைவி அப்போது கேட்டாள்:

"தம்பி, நான் கதவைச் சாத்தேக்கைதான் பாட்டு நிக்கிறது. அதை இவர் உமக்குச் சொன்னவரே?"

நான் சொல்லியிருக்கவில்லை. அவன் என்னைப் பார்க்கவில்லை. நேரே முன்புற இடக்கதவடிக்குச் சென்றான். மானியை இணைத்தபடியே கதவை மெல்ல அசைத்தான். பாதி மூடிய நிலையிலே மானி கீச்சிட்டது. கதவுக்கும் வண்டிக்கும் இடையே கம்பிகள் செல்லும் இறப்பர்க் குழாயை விலக்கினான். ஆயிரமாயிரம் தடவை மடிந்து நிமிர்ந்த கம்பியிலே காவலி வெடித்து, செம்பு பச்சைப் பாசி படிந்து வெளியே தெரிந்தது. கதவு மூடும்போதெல்லாம் அது உலோக விளிம்பைத் தொட்டது. தொட்டபோதெல்லாம் விரியலாக்கி தன்னைக் காக்க வாயை மூடிக்கொண்டது. மாதக் கணக்காக அது சொன்ன செய்தியை என் மனைவி கேட்டாள். நான் அவளைக் கேட்கவில்லை. ஒருநாள் அதன் பொறுமை முறிந்தது, உருகி எரிந்தது, மிகுதியை நான் செய்து முடித்தேன்.

சிதைந்த பகுதியை வெட்டி, புதிய கம்பி சேர்த்து ஈயம் பற்றவைத்து, வெப்பத்தாற் சுருங்கும் உறையிட்டான். மீண்டும் கதவை அசைத்து அளந்தான். மானி மௌனம் சாதித்தது. பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிய பின்னரே பெட்டியைப் பூட்டினான். செருகிகளைச் சேர்த்து, முனையை மீண்டும் இணைத்து, ஒலியை மிகக் குறைத்து வைத்து வானொலியைப் போட்டான். தவில் எழுந்தது.

"அன்ரி, வந்து இருந்து கதவைச் சாத்துங்கோ" என்றான்.

அவள் கைப்பிடியைத் தடவி ஏறி அமர்ந்தாள். கதவைச் சாத்தினாள். தவில் நிற்கவில்லை. திறந்தாள், மீண்டும் பலமாகச் சாத்தினாள். நிற்கவில்லை. என் பக்கம் திரும்பி, "இப்ப சம்பந்தம் தெரியுதே?" என்றாள்.

கூலியாக அவன் வாங்கியது மிகச் சொற்பம். தேநீர் அருந்தும்போது அவனிடம் பழைய தேர்ச்சி அறிக்கையைப் பற்றிச் சொல்ல முயன்றேன். "அப்ப நான் உண்மையிலை கவனிக்கேல்லைத்தானே, சேர்" என்று சிரித்தான். அது பெருந்தன்மையா உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. கரும்பலகையிலே நான் வரைந்த சுற்றுக்களிலே கதவும் இருந்ததில்லை. கம்பி தேய்ந்ததும் இல்லை. அவற்றிலே அவன் கவனம் செல்லாதிருந்தால் வியப்பென்ன? ஆனால், அருகிலிருந்தவள் மூன்று முறை சொல்லியும் கேளாத என்னுடைய அறிக்கையிலே எவரும் அவ்வாறு எழுதவில்லை.

அந்தப் பச்சை உருகி இப்போது என் எழுதுமேசையில் இருக்கின்றது. போன மாதம் மீண்டும் கொழும்புக்குச் சென்றோம். மாங்குளம் தாண்டும் வரை எங்களிடையே பேச்சில்லை. தவில் மட்டும் முழங்கிற்று. அதன் பின்னர் அவள் சொன்னாள்:

"பின்பக்கத்திலை ஏதோ கிறுகிறுக்கிற சத்தம் கேக்குது."

வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கினேன்.