கூட யாருப்பா இருக்கா?

வடலூர் ராமலிங்கர் நினைவு நாளில் டாஸ்மாக் கடைகளுக்கு விடுமுறை. அன்றைக்குச் சிதம்பரம் ரயிலடியிலும் கடலூர் பேருந்து நிலையத்திலும் படுத்துக் கிடக்கிறவர்களுக்கு மதியத்துக்குள் கை உதற ஆரம்பித்துவிடும். பிளாக்கில் வாங்கக் காசுள்ளவன் சமாளிப்பான். நானும் அந்த வரிசையில் கிடந்தவன்தான். இப்போது கீழவீதிப் பக்கம் டீ மாஸ்டர்.

"விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?" என்பார்கள். பல வருஷம் ஊறிய உடம்பு சட்டென்று நிறுத்தினால் கேட்காது. ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வேர்வையும். இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சிலர் இல்லாத ஆளோடு பேசுவார்கள், பூச்சி ஊர்கிறது என்று துணியை உதறுவார்கள். அப்போது வைத்தியம் இல்லாவிட்டால் உயிரே போகும். ஆஸ்பத்திரியில் நடுக்கத்துக்கான மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பார்கள். மூளையைக் காக்கத் தயமின் ஊசி போடுவார்கள்.

ஆஸ்பத்திரியில் சேரப் போனால் முதல் கேள்வி, "கூட யாருப்பா இருக்கா?" வீடில்லாதவன் திரும்பிவிடுவது அந்த இடத்தில்தான். சோற்றுக்கு இந்த மாவட்டத்தில் குறையில்லை. ராமலிங்க வள்ளலார் 1867-ல் வடலூரில் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் எரிகிறது. ராத்திரி பக்கத்தில் உட்காரத்தான் ஆளில்லை. எனக்காக உட்கார்ந்தவர் ஏ.ஏ. கூட்டத்து அண்ணன் ஒருத்தர், கொத்தனார்.

ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குச்சந்தைக்காரரும் ஒரு டாக்டரும் தொடங்கியது. இருவருமே குடிநோயாளிகள். கட்டணமில்லை, விலாசம் கேட்பதில்லை. எங்களுக்கு வேறென்ன வேண்டும்!

திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் சென்னை டி.டி.கே. மருத்துவமனை 1989-லிருந்து குடிமீட்பு முகாம் நடத்தியது. நோயாளி பட்டணம் போகாமல் வைத்தியம் ஊருக்கு வந்தது. அருமையான வேலை. ஆனால் கிராமத்தில் பெண்டாட்டியோ அண்ணனோ யாராவது உண்டு. பிளாட்பாரத்தில் பக்கத்தில் உட்காரும் வேலையை நாங்களே பார்க்க வேண்டியிருக்கிறது. 2019-ல் வந்த தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெறுகிறார். 14446 என்ற இலவச உதவி எண் உண்டு. அதற்கும் போன் வைத்திருக்கிற ஒருவன் பக்கத்தில் வேண்டும்.

மருந்து ஒரு வாரம், பத்து நாள். அதற்கப்புறம் டாஸ்மாக் கடை திறந்திருக்கும் மதியம் 12-லிருந்து ராத்திரி 10 வரையிலான பொழுதுதான் எமன். அதனால் புதிதாக வரும் தம்பிகளைக் கல்யாண மண்டப வேலைக்கு அனுப்பவே மாட்டேன். பந்தி முடிந்ததும் பின்கட்டில் பாட்டில் திறப்பார்கள். மார்க்கெட்டில் மூட்டை தூக்கினால் கூலி அன்றன்றே கைக்கு வந்துவிடும், அதுவும் ஆபத்து. எங்கள் கடையில் மதியம் வந்து கிளாஸ் கழுவட்டும். சம்பளத்தை வாரக் கடைசியில் முதலாளி கொடுப்பார். கடை அடைக்க ராத்திரி பத்தரை ஆகும்.